வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை

"தண்ணி குடிங்க. நிழல்ல நில்லுங்க. பிள்ளைங்க கையை விடாதீங்க."

காலையிலிருந்து நர்ஸ் பாடிக்கொண்டிருந்த பாட்டு இதுதான். கோயில் ஊர்வலம் போகும் வழியில், தார்ப்பாய் போட்ட முதலுதவிப் பந்தலில் அவள் நின்றிருந்தாள். கொதிக்கும் ரோட்டில் வெறுங்காலோடு நடந்து பாதம் கொப்பளித்தவர்கள் வந்தார்கள். பக்திக்கு முன்னால் வெயில் எம்மாத்திரம் என்று நினைத்துச் சுருண்டு விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முந்தின இரவும் அவளுக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி. சொற்கள் அவள் வாயிலிருந்து தாமாகவே போய்க்கொண்டிருந்தன, ஆளில்லாத அறையில் சுற்றும் மின்விசிறியைப் போல.

"சிஸ்டர், நின்னுக்கிட்டே தூங்குறீங்க" என்றார் ஆம்புலன்ஸ் டிரைவர்.

"குதிரை தூங்குதில்ல? அது மாதிரிதான்ணே."

அப்போது தலை சுற்றுகிறதென்று ஒரு அம்மாள் வந்து உட்கார்ந்தாள். சர்க்கரை நோயாளி. மாத்திரை போட்டிருக்கிறாள், விரதமென்று எதுவும் சாப்பிடவில்லை. நர்ஸ் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்தபடி கடிந்துகொண்டாள். "மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும்மா. இல்லன்னா அது உங்களையே சாப்பிட்டுடும்."

"மாத்திரையை விடாதேன்னு நீங்க சொல்றீங்க, விரதத்தை விடாதேன்னு மனசு சொல்லுது. ரெண்டு பக்கமும் நல்ல பேர் வாங்கலாம்னு பார்த்தேன்" என்றாள் அந்த அம்மாள்.

நர்ஸுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் செல்போன் அதிர்ந்தது. கணவன்.

"அப்பா பந்தலுக்கு வந்தாரா? ஊர்வலத்தோட நடக்கப்போறேன்னு கிளம்பினார்."

"வரலையே. காலையில என்ன சாப்பிட்டார்?"

மறுமுனையில் மேளச் சத்தத்துக்குள் அவன் குரல் இறங்கியது. "விரதம். உன்கிட்ட சொல்ல வேண்டாம்னார். திட்டுவியாம்" என்றான்.

விடிந்ததும் டியூட்டி முடிந்து வந்தவள், பாதிக் கண் மூடியபடியே மாமனாரின் சர்க்கரை மாத்திரையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்திருந்தாள். தினமும் செய்வதுதான். அவரும் தினமும் போல, மருமகள் சொல்லைத் தட்டாமல், அவள் கண் முன்னாலேயே விழுங்கினார். சாப்பிட்டீர்களா என்று அவள் கேட்கவில்லை. அடுப்படியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம், வீட்டில் வெறும் வயிற்றுக்குத் தன் கையாலேயே மாத்திரை கொடுத்தாயிற்று.

"அண்ணே, பந்தலைப் பார்த்துக்கங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, குளுக்கோஸ் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

கூட்டம் ஒரு திசையில் நகர்ந்தது. அவள் எதிர்த் திசையில் போனாள். தோள்கள், குடைகள், அப்பாக்களின் கழுத்தில் ஏறிய குழந்தைகள். கால்கள் ஈரத் துணியாய்க் கனத்தன. பூட்டிய கடையொன்றின் முன்னால் ஒரு கும்பல் வட்டமாக நின்று கைகூப்பிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தாள். நடுவில் மாமனார். சட்டை தொப்பலாய் நனைந்திருந்தது. உடம்பு நடுங்கியது. கண்கள் எங்கோ நிலைகுத்தி நின்றன.

"சாமி வந்திருக்கு, தொடாதே!" என்று ஒருவர் அவளைத் தடுத்தார். குங்குமப் பொட்டு வைத்த ஒரு பெண் குனிந்து, "என் பையனுக்கு வேலை எப்போ கிடைக்கும் சாமி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சாமி இல்லீங்க, இது எங்க மாமா. சர்க்கரை இறங்கிடுச்சு. வழி விடுங்க!"

ஒருவரும் நகரவில்லை. அவள் இடுக்கில் நுழைந்து, பொட்டலத்தைப் பாட்டிலில் கொட்டிக் குலுக்கி நீட்டினாள். மாமனார் அதைத் தட்டிவிட்டார்.

"போடி! யாருடி நீ?"

கூட்டம் சிலிர்த்துப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது. கல்யாணமான நாளிலிருந்து அவளை 'அம்மாடி' என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிடாத மனிதர். மூளை வரைக்கும் பசி ஏறிவிட்டது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் விழுங்கக்கூட முடியாது. இவர்களோடு வாதாட நேரமில்லை, தெம்பும் இல்லை.

அவள் ரோட்டிலேயே மண்டியிட்டாள். "நான் தெரியாம தப்பு பண்ணிட்டேன் சாமி. இதைக் குடிச்சு என்னை மன்னிக்கணும்" என்றாள்.

நடிக்கத்தான் நினைத்தாள். ஆனால் சொன்னது முழுக்க நிஜமாக இருந்தது.

குங்குமப் பொட்டுக்காரிக்கு மனம் இளகியது. "குடிச்சிடு சாமி, பாவம் அந்தப் பொண்ணு" என்று அவளே மாமனாரின் தலையைத் தாங்கிப் பிடித்தாள். நர்ஸ் பாட்டிலை மறுபடி எடுத்து, ஒவ்வொரு வாயாகப் புகட்டினாள். தொண்டையில் இறங்குவதைப் பார்த்துப் பார்த்து அடுத்த வாய். பாதி வழிந்தது, பாதி உள்ளே போனது.

மெதுவாக நடுக்கம் அடங்கியது. அவர் கண்கள் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குத் தாவின.

"வேலை எப்போ கிடைக்கும் சாமி?" என்று அந்தப் பெண் விடாமல் கேட்டாள்.

"எனக்கெப்படிம்மா தெரியும்?" என்றார் அவர் திகைத்துப்போய்.

சாமி மலையேறிவிட்டது என்று கூட்டம் கலைந்தது. அந்தப் பெண் மட்டும் போகவில்லை. மகனுக்கென்று பையில் வைத்திருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவர் மடியில் வைத்தாள். பிறகு ஊர்வலத்தோடு நடந்துவிட்டாள்.

மருமகளைக் கண்டதும் மாமனாரின் தலை தாழ்ந்தது. "விரதம் போச்சா?"

"போச்சு மாமா. பிஸ்கட்டைச் சாப்பிடுங்க. மாத்திரை இன்னும் உள்ளதான் இருக்கு, சர்க்கரை திரும்ப இறங்கும். நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போறோம்."

அவர் ஒரு பிஸ்கட்டைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

"ராத்திரி பகலா ஓடுறியே அம்மாடி, யாருக்காக விரதம் இருந்தேன்னு கேக்க மாட்டியா?"

அவள் மூடிய கடைக் கதவில் சாய்ந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப கேக்கத் தெம்பில்ல மாமா" என்றாள். "இன்னொண்ணு எடுங்க."