மூன்று ஹாட்பாக்ஸும் ஒரு கர்னலும்

எங்கள் வீட்டு ஷோகேஸில் மூன்று ஹாட்பாக்ஸ்கள் இருந்தன. மூன்றும் ஒரே அளவு, ஒரே மயில் பச்சை. ஒன்றின் பாலிதீன் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. விருந்தாளிகள் யாராவது அதைப் பற்றிக் கேட்டால், "கேஸ் நடந்துகிட்டிருக்கு" என்பாள் அம்மா.

வழக்கு இதுதான். ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் கிளப்பில் ஞாயிறு மாலை டம்போலா நடக்கும். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரையுள்ள எண்களை ஒருவர் பையிலிருந்து எடுத்துக் கூப்பிடுவார். கையிலிருக்கும் சீட்டில் அந்த எண் இருந்தால் அடிக்க வேண்டும். சீட்டிலுள்ள பதினைந்தையும் முதலில் அடித்து முடிப்பவருக்கு ஃபுல் ஹவுஸ், அதற்குப் பரிசு ஒரு ஹாட்பாக்ஸ். கூப்பிடுகிறவர் என் அப்பா ஏகாம்பரம். தொடர்ந்து மூன்று வாரம் ஃபுல் ஹவுஸ் அடித்தவர் என் அம்மா சாவித்திரி.

மூன்றாவது வாரம் யாரும் கைதட்டவில்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்து எதிர் பிளாக்கில் குடியிருக்கும் சுசீலா ஆன்ட்டி மட்டும் தன் சீட்டை மடித்துக்கொண்டே பேசினார்.

"நா ஒண்ணுஞ் சொல்லலீங்க. ஊட்டுக்காரரு கூப்புடறாரு, ஊட்டுக்காரம்மா ஜெயிக்கறாங்க. நல்ல குடும்பமுங்க."

ஒன்றும் சொல்லாத ஒருவர் இவ்வளவு சொல்லி நான் கேட்டதில்லை.

அப்பா தன் தரப்பை எடுத்து வைத்தார். "பையில கைய உட்டா இன்னா நம்பர் வரும்னு எனக்கு எப்டிம்மா தெரியும்? கைல கண்ணா கீது?" இதைச் சொல்லிவிட்டு அவர் தன் கையையே ஒருமுறை உற்றுப் பார்த்தார். சந்தேகம் இன்னும் கூடியது.

அன்றிலிருந்து அம்மா அந்த ஹாட்பாக்ஸ்களைத் தொடவில்லை. மூன்று ஹாட்பாக்ஸ் உள்ள வீட்டில் நாங்கள் ஆறிப்போன சப்பாத்தி தின்றோம். "எம்மேல தப்பு இல்லன்னு அதே கிளப்புல, அதே ஜனம் முன்னாடி தெரியணும். இல்லன்னா இனிமே அந்தப் படி ஏற மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். இது சாதாரண சபதமில்லை. வாரத்திலேயே 'துண்டு எங்க, டீ எங்க' என்று யாரும் அவளைக் கேட்காத நேரம் அந்த டம்போலா நேரம்தான்.

கிளப் செயலாளர் அப்பாவு சார் தீர்ப்பு சொன்னார். "மனுசனே வாணாம்பா. மெஷின் கூப்புடட்டும்." கிளப்பில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருந்தது. சுவரில் பெரிய டிவியும் இருந்தது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் சுவிட்ச் போட்டு எழுந்திருப்பதற்குள் டீ ஆறி, அதன்மேல் ஏடு கட்டிவிடும்.

நான் கையைத் தூக்கினேன். அப்போது கல்லூரியில் என் மினி புராஜெக்ட், ஒரு இயக்க முறைமையின் கர்னலைச் செதுக்கிச் சின்னதாக்குவது. கர்னல் என்றால் கம்ப்யூட்டருக்குள் மற்ற எல்லா மென்பொருளுக்கும் படியளக்கிற மையப்பகுதி. தேவையில்லாததை வெட்டிவிட்டால் பழைய பெட்டியும் துள்ளி எழும். நாற்பது பேர் கொண்ட அந்தக் கூட்டத்தில், மெஷின் செய்யப்போகிறவன் குற்றம் சாட்டப்பட்டவளின் சொந்த மகன் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எங்கள் கமிட்டியின் சிறப்பு அது.

பெட்டியை வீட்டுக்குத் தூக்கிவந்தேன். கர்னலைக் கட்டுவதற்கு முன் அது கேள்வி கேட்கும். ஆயிரக்கணக்கான கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம், அல்லது தேவைப்படும்போது ஏற்றிக்கொள் என்று பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு குறிப்பு உண்டு. பெரும்பாலான குறிப்புகளின் கடைசி வரி, 'தெரியாவிட்டால் வேண்டாம் என்று சொல்.' நான்கு வருடப் பொறியியல் படிப்பில் எனக்குக் கிடைத்த ஒரே தெளிவான அறிவுரை அதுதான்.

நடுவில் ஃபர்ம்வேர் டிரைவர்கள் என்று ஒரு பக்கம் வந்தது. ஃபர்ம்வேர் என்பது மதர்போர்டுக்குள்ளேயே குடியிருக்கும் சின்ன மென்பொருள். சுவிட்சைப் போட்டதும் முதலில் எழுந்து, திரை, விசைப்பலகை எல்லாவற்றையும் எழுப்பிவிட்டு, 'இனி உன் பாடு' என்று கர்னலிடம் சாவியைக் கொடுத்துவிடும். என்னென்ன சாவிகளை வாங்கிக்கொள்வது என்று தீர்மானிக்கிற பக்கம் அது. உன் ஹார்ட் டிஸ்க் நெட்வொர்க் வழியாக எங்கிருந்தோ வருகிறதா? வேண்டாம். மதர்போர்டின் பெயர், ஊர், பிறப்பு விவரங்களைப் பட்டியலிட வேண்டுமா? வேண்டாம், பெண் பார்க்கவா போகிறோம். நீ நிஜமான கம்ப்யூட்டரா, அல்லது இன்னொரு கம்ப்யூட்டருக்குள் ஓடும் கற்பனைக் கம்ப்யூட்டரா? இதற்குச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். பிறகு வேண்டாம்.

அந்த ஓட்டத்தில் ஒரு கேள்வி, ஃபர்ம்வேர் ஏற்றிவைத்த திரையைக் கர்னலிடம் ஒப்படைக்கலாமா என்று கேட்டது. அதன் குறிப்பில் மட்டும், 'தெரியாவிட்டால் வேண்டும் என்று சொல்' என்றிருந்தது. நான் குறிப்புகளைப் படிப்பதை அதற்கு இரண்டு கேள்வி முன்பே நிறுத்தியிருந்தேன். வேண்டாம்.

சோதித்துப் பார்த்தேனா என்றால், பார்த்தேன். வீட்டில் அந்தப் பெட்டியோடு இணைக்கக்கூடிய ஒரே திரை எங்கள் டிவி. அதில் அம்மாவின் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. கதாநாயகி ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிற கட்டம். அந்த நேரத்தில் கேபிளைப் பிடுங்குகிற தைரியம் எனக்கில்லை. அதனால் என் லேப்டாப்பிலிருந்து நெட்வொர்க் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து பார்த்தேன். எண் எடுக்க நான் எழுதிய சின்ன நிரல் உட்பட எல்லாம் சரியாக ஓடியது. எண் வந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் பெட்டிக்குள் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் ஒரு பீப் அடித்தது. "என்னடா சத்தம், குக்கரா?" என்று அம்மா கேட்டாள். பழைய கர்னல் இடத்தை அடைக்கிறதென்று அதை அழித்தேவிட்டேன். அவ்வளவு நம்பிக்கை.

ஞாயிற்றுக்கிழமை கிளப் நிரம்பி வழிந்தது. என் கல்லூரி நண்பன் கிஷோரும் நெமிலிச்சேரியிலிருந்து ரயிலேறி வந்திருந்தான், பஜ்ஜிக்காக. அப்பா கண் ஜாடை காட்டிவிடக்கூடாது என்று அவரை வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் உட்காரவைத்திருந்தார்கள். அம்மா முதல் வரிசையில் ஒற்றைச் சீட்டோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலி.

நான் சுவிட்சைப் போட்டேன். டிவியில் கம்பெனி முத்திரை வந்தது. ஒரு வரி எழுத்து வந்தது. பிறகு கருப்பு. நல்ல, ஆழமான, குறையே சொல்ல முடியாத கருப்பு.

"இன்னா மச்சான், டிவி படுத்துகிச்சா?" என்றான் கிஷோர்.

லேப்டாப்பில் பார்த்தேன். பெட்டி உயிரோடு, உற்சாகமாக, முன்பைவிடப் பத்து மடங்கு வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. திரை என்று ஒன்று உலகத்தில் இருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் சொன்னேன் என்பது அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. மறுபடி கட்ட வேண்டுமானால் என் லேப்டாப்புக்கு விடிந்துவிடும்.

"நம்பர் என் லேப்டாப்ல தெரியுது சார். நான் பாத்துப் படிச்சிடறேன்" என்றேன்.

சுசீலா ஆன்ட்டி எழுந்தார். "நா ஒண்ணுஞ் சொல்லலீங்க. பையன் பாத்துப் படிக்கறதுக்கு அவிங்க அப்பாவே படிச்சிருக்கலாமுங்களே. அவரு பாவம், வெளீல கொசுக்கடில உக்காந்திருக்காரு."

அரங்கம் ஆமோதித்தது. அம்மா என்னைப் பார்த்தாள். திட்டுகிற பார்வை இல்லை. படியிறங்கத் தயாராகிற பார்வை. பர்ஸைக்கூட மடியிலிருந்து கையில் எடுத்துவிட்டாள்.

"மச்சான், அது பீப்பு அடிக்கும்ல?" என்றான் கிஷோர், வாயில் பஜ்ஜியோடு. "அதையே நம்பரா அடிக்க வுடு. நாப்பத்தேழுன்னா மொதல்ல நாலு, அப்பால ஏழு. மனுசனே குறுக்க வர வாணாம்."

நிரலை அங்கேயே மாற்றினேன். பெட்டியைத் தூக்கி மேடை நடுவில் வைத்தார்கள். லேப்டாப்பை மூடி அப்பாவு சார் அதன்மேல் கை வைத்துக்கொண்டார். பெட்டி நான்கு பீப் அடித்துவிட்டு நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள்.

"நாலா?" என்றது பின்வரிசை.

"நாப்பதா?" என்றது நடுவரிசை.

பூஜ்யத்துக்கு எத்தனை பீப் என்று நான் யோசிக்கவில்லை. பூஜ்யத்துக்குப் பூஜ்யம் பீப் வைத்திருந்தேன், கணக்குப்படி அது சரிதான். "ஃபேக்டரி சங்கு மாரி நீளமா ஒண்ணு வுடுப்பா, அதான் சைபர்" என்றார் அப்பாவு சார். லேப்டாப்பைத் திறக்க அனுமதி கொடுத்து, நான் தட்டி முடித்ததும் மறுபடி மூடினார். விட்ட எண்ணிலிருந்தே ஆட்டம் மறுபடி தொடங்கியது.

நான்கு பீப். ஒரு நீண்ட ஊளை.

"நாலு, சங்கு, நாப்பது" என்றது அரங்கம் ஒரே குரலில்.

அதன்பிறகு நடந்ததை எந்தக் குறிப்பும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்பா கூப்பிடும்போது பாதி ஜனம் மாமியார் கதை பேசிக்கொண்டிருக்கும். இப்போது ஒருவர் வாய் திறக்கவில்லை. பீப் வரும்போது மூச்சு நின்றது, முடிந்ததும் மொத்தக் கூட்டமும் எண்ணைக் கூப்பிட்டது. எண்பத்தொன்பது வந்தபோது சின்னப் பிள்ளைகள் ஒவ்வொரு பீப்புக்கும் ஒரு குதி குதித்தார்கள். "பஜ்ஜி போடறத நிறுத்துய்யா, எட்டா ஒம்போதான்னு கேக்கல" என்று ஒருவர் கேன்டீனைப் பார்த்து அதட்டினார். அடுப்பு அணைக்கப்பட்டது.

சுசீலா ஆன்ட்டி நாற்காலியைவிட்டு எழுந்து மேடை ஓரத்துக்கே வந்துவிட்டார். விரல்விட்டு எண்ணி, திரும்பி, இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினார். "அஞ்சு, மூணு. அம்பத்தி மூணுங்க. செரியாக் கேட்டுக்கோங்க, அப்பறம் எங்கிட்ட வரப்படாது." யாரும் அவரை நியமிக்கவில்லை.

அம்மாவுக்கு ஒரே ஒரு எண் பாக்கி. சுசீலா ஆன்ட்டிக்கும் ஒன்று பாக்கி. பெட்டி ஆறு பீப் அடித்தது. ஒரு இடைவெளி. பிறகு மறுபடி தொடங்கி எட்டில் நின்றது.

"அறுவத்தியெட்டுங்க" என்றார் சுசீலா ஆன்ட்டி, தன் சீட்டைப் பார்த்துக்கொண்டு, உற்சாகமில்லாமல்.

அம்மா கையைத் தூக்கவில்லை. சீட்டைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள், மறுபடி சீட்டைப் பார்த்தாள். பிறகு ஏதோ தப்பு செய்தவள்போல, பாதிக் கையை மட்டும் தூக்கினாள்.

"ஃபுல் ஹவுஸ்."

அப்பாவு சார் சீட்டை வாங்கி இரண்டு முறை சரிபார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"நா ஒண்ணுஞ் சொல்லலீங்க" என்று தொடங்கினார் சுசீலா ஆன்ட்டி. "மெஷினு பண்ணுனது யாருங்க? அவிங்க பையன்தானுங்களே."

நாற்பது பேருக்கும் அது அப்போதுதான் தோன்றியது. அம்மாவின் கை மெதுவாகக் கீழே இறங்கியது.

அப்பாவு சார் என்னைப் பார்த்தார். அந்தக் கருப்பு டிவியைப் பார்த்தார். நிறுத்தி, நிதானமாகச் சொன்னார். "ஏம்மா சுசீலா, ஒரு டிவிய எரிய வெக்கத் தெரியல இந்தப் புள்ளைக்கு. இவனா நம்பர மாத்துவான்?"

அரங்கம் யோசித்தது. யோசிக்க யோசிக்க அது வலுவான வாதமாகத் தெரிந்தது.

"சைபருக்கு இன்னா பண்றதுன்னே தெரியாம முழிச்சான்ல" என்றது பின்வரிசை.

சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து அப்பா ஓடிவந்து வாசலில் நின்றார். மனைவிக்காகச் சாட்சி சொல்லக் கிடைத்த வாய்ப்பை அவர் விடவில்லை. "ஐயா, கணக்குல பெயிலாயி இவனுக்கு ரெண்டு அரியர் கீது. நான் ஃபீஸ் கட்டினவன், எனக்குத் தெரியும்" என்றார், முகமெல்லாம் பெருமையாக.

"மூணு அங்கிள்" என்றான் கிஷோர். "நேத்து ரிசல்ட் வந்துச்சே. இன்னும் சொல்லலியா?"

முதலில் சிரித்தவள் அம்மாதான். நான் அவளை அப்படிச் சிரித்துப் பார்த்ததில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர வர, "மூணாடா? மூணா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தாள். அது கூட்டம் முழுக்கப் பரவியது. சுசீலா ஆன்ட்டிகூட முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அதுஞ் செரிதானுங்க. அறுவத்தியெட்டுன்னு சொன்னதும் நாந்தானுங்களே" என்றார். பிறகு அம்மாவின் பக்கத்துக் காலி நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். கைதட்டல் வந்தது. அந்த மூன்றாவது வாரத்துப் பாக்கியும் சேர்ந்து வந்ததுபோல நீளமாக வந்தது.

அன்றைக்கே நான்கு ஹாட்பாக்ஸும் திறக்கப்பட்டன. ஒன்றில் சப்பாத்தி, ஒன்றில் குருமா, ஒன்றில் சோறு. நான்காவதில் வைக்க ஒன்றுமில்லாததால் அதிலும் சப்பாத்தி. மூன்றாவது அரியரைப் பற்றிய பேச்சு அதன்பிறகு தொடங்கி, கடைசிவரை ஆறவே இல்லை.

அடுத்த ஞாயிறுக்குள் கர்னலைத் திருத்திவிட்டேன். ஃபர்ம்வேர் பக்கத்துக்குப் போய், குறிப்பை முழுதாகப் படித்து, வேண்டும் என்று சொன்னேன். கிளப்பில் சுவிட்சைப் போட்டதும் டிவி பளிச்சென்று எரிந்தது. பெரிய மஞ்சள் எழுத்தில் எண் வந்தது. யாரும் சீட்டைத் தொடவில்லை.

"என்னங்க தம்பி இது?" என்றார் சுசீலா ஆன்ட்டி. "பாக்கறதுக்கு ஊட்லயே டிவி இருக்குதுங்களே. அமத்துங்க. பெட்டி ஊதட்டும்."

டிவியை அணைத்தேன். வீட்டுக்கு வந்ததும் அதே பக்கத்தை மறுபடி திறந்து, திரை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இந்தத் தடவை தெரிந்தே சொன்ன வேண்டாம்.

அன்று கிளப்பில் ஃபுல் ஹவுஸ் அடித்தது சுசீலா ஆன்ட்டி. முதல் ஆளாகக் கைதட்டிய அம்மா, தன் சீட்டை நிதானமாக நான்காக மடித்தாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள். "எண்ணுறதும் நீங்க, ஜெயிக்கிறதும் நீங்க."