ரெண்டு பெட்டி, ஒரே நம்பர்

'கீ...ய்ங்!'

மைதானமே காதைப் பொத்திக்கொண்டது.

சைக்கிள் பந்தயத்தின் முதல் வீரன் கடைசி வளைவில் திரும்பிய நேரம். "இதோ வந்துட்டார், இதோ..." என்று வர்ணனைக்காரி மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கி வீறிட்டது, ரெண்டு தரம் இருமியது, அப்புறம் செத்துப்போனது. வீரன் கோட்டைத் தாண்டியபோது அவன் பெயரைச் சொல்ல ஆளில்லை. ஜெயித்தது யாரென்று ஜனங்கள் பக்கத்து ஆளைக் கேட்டுக்கொண்டார்கள்.

வீட்டில் அவளுக்கு வாயாடி என்றுதான் பெயர். அந்த வாயை வைத்துத்தான் பிழைப்பு. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொந்த மைக்கோடுதான் வேலைக்கு வருவார்கள். ஊரார் எச்சில் தெறித்ததை யார் வாயருகே கொண்டுபோவது? அதனால் மைக் மக்கர் செய்தால் பழியும் சொந்தக்காரர் தலையில்தான்.

பந்தய அமைப்பாளர் ஓடிவந்தார்.

"என்னம்மா, பொம்மை மைக்கைத் தூக்கிட்டு வந்திருக்கே?"

"வாங்கி ஒரு மாசம்கூட ஆகலை சார்."

"நாளைக்கு ஃபைனல். நல்ல மைக்கோட வா. இல்லைன்னா வராதே. வேற ஆளுக்குச் சொல்லிடறேன், அப்புறம் அடுத்த சீசனும் அவங்களுக்குத்தான்."

அவர் நகர்ந்ததும் அவள் மைக்கின் அடிப்பாகத்தைத் திருகிக் கழற்றினாள். டொக்கென்று ஒரு இரும்புத் துண்டு மடியில் விழுந்தது. வெயிலில் பசை இளகி, பேட்டரி மேல் சாய்ந்து கிடந்திருக்கிறது. மைக்குக்குள் இரும்புக்கு என்ன வேலை?

அத்தான் சொன்னது ஞாபகம் வந்தது. மைக்கை அவள் கையில் வைத்து, "கனத்தைப் பாரு. ஒரிஜினல்னா கைக்கே தெரியும்" என்றாரே! அவளும் கனத்தை மட்டும்தான் பார்த்தாள். பில் கேட்கவில்லை. அக்கா புருஷன் கடையில் யார் பில் கேட்பார்கள்?

நேரே கடைக்குப் போனாள்.

சாயங்கால வியாபாரம் சூடு பிடித்திருந்தது. தரை முதல் கூரை வரை ஸ்பீக்கர், ஹெட்போன், மைக் பெட்டிகள். கல்லாவில் அக்கா. கவுண்டரில் ஒரு யோகா மாஸ்டர் மைக் பெட்டி ஒன்றை மார்போடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"வாடி வாயாடி! டீ சொல்லட்டுமா?" என்றார் அத்தான்.

அவள் இரும்புத் துண்டைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள்.

"இது என்ன அத்தான்?"

"அது... பேலன்ஸுக்கு வைக்கறது."

"மைக்குக்கா, தராசுக்கா?"

"உஸ்! உள்ளே வா, பேசிக்கலாம்."

"உள்ளே போனா பேச்சு உள்ளேயே நின்னுடும். எனக்கு விடிஞ்சா வேலை. ஒண்ணு நல்ல மைக்கைக் கொடுங்க, இல்லை பணத்தைக் கொடுங்க."

யோகா மாஸ்டர் மெல்லத் திரும்பினார். "ஏம்மா, இதே மைக்கைத்தான் நானும் எடுத்திருக்கேன். மைக் இல்லாம என் குரல் வகுப்புல மூணாவது வரிசையைத் தாண்ட மாட்டேங்குது."

"நீங்க பணத்தைக் கட்டுங்க சார். இது எங்க வீட்டு விஷயம்" என்றார் அத்தான்.

"கட்டாதீங்க சார். பெட்டி அடியில ஒரு நம்பர் இருக்கும், படிங்க. நிஜக் கம்பெனின்னா ஒவ்வொரு மைக்குக்கும் தனி நம்பர் இருக்கும்."

மாஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, கடைசி நாலு எண்ணைப் படித்தார். "ஏழு, ஏழு, நாலு, ஒண்ணு."

அவள் கொண்டுவந்திருந்த தன் மைக்கின் பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். ஏழு, ஏழு, நாலு, ஒண்ணு. ஹெட்போன் வாங்க வந்த ஒருவர் சும்மா இருக்க முடியாமல் அலமாரியிலிருந்து இன்னொரு பெட்டியை உருவினார். அதிலும் அதே எண்.

"மூணும் ஒரே பிரசவமோ?" என்றார் மாஸ்டர்.

"அது மாடல் நம்பர் சார்!"

"மாடல் நம்பர் மேலே தனியா அச்சடிச்சிருக்கு அத்தான். படிச்சுக் காட்டவா?"

அத்தான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். குரல் சட்டென்று இறங்கியது.

"சரி. மொத்த வியாபாரி என் தலையிலயும் மிளகாய் அரைச்சிட்டான். நானும் உன்னை மாதிரி ஏமாந்தவன்தான்."

'அடப்பாவமே' என்று யாரோ உச்சுக்கொட்டினார்கள். அந்தத் தெம்பில் அவர் கவுண்டருக்கு மேல் குனிந்து கிசுகிசுத்தார்.

"கடை பேர் கெட்டா நடுத்தெருவுல நிக்கப்போறது யாரு? உன் அக்கா. கூடப் பிறந்தவ வாயில மண்ணைப் போடவா வந்தே?"

அவள் அக்காவைப் பார்த்தாள். அக்கா தலை நிமிரவில்லை. ஒரு ரப்பர் பேண்டை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். தங்கை மேஜைமேல் கிடந்த இரும்புத் துண்டைக் கையில் எடுத்தாள்.



"மண்ணைப் போட்டது நான் இல்லை. பணம் வர்றவரைக்கும் நான் இந்த வாசலைவிட்டு நகர மாட்டேன். என் குரல் மைக் இல்லாமலே கேட்கும், உங்களுக்குத்தான் தெரியுமே!"

விடுவிடுவென்று வாசலுக்குப் போய்ப் படியில் ஏறி நின்றாள். பந்தயக் குரல் தெருவில் பாய்ந்தது.

"இதோ பாருங்க, இதோ பாருங்க! எத்தனை மைக் எடுத்தாலும் ஒரே நம்பர்! உள்ளே இரும்பு இலவசம்! வாங்கறதுக்கு முன்னால ரெண்டு பெட்டியைத் திருப்பிப் பாருங்க! பில்லைக் கேளுங்க! சொந்தக்காரர் கடையா இருந்தாலும் கேளுங்க!"

போன ஸ்கூட்டர்கள் நின்றன. எதிர்க்கடைக்காரர் கத்தரிக்கோலும் கையுமாக வெளியே வந்தார்.

அத்தான் ஓடிவந்து ரெண்டு கையையும் விரித்தார். "நம்பாதீங்க! மைக்கைக் கீழே போட்டு உடைச்சுட்டு, இரும்பை அவளே சொருகிட்டு வந்து அழிச்சாட்டியம் பண்றா. வாயைத் திறந்தா புளுகு. வேணும்னா இவ அக்காவையே கேளுங்க!"

கூட்டம் கல்லாப் பக்கம் திரும்பியது.

அக்கா எழுந்தாள். கல்லாவைத் திறந்து மைக்கின் விலையை எடுத்தாள். புருஷனைத் தாண்டி வாசலுக்கு வந்து, தங்கை கையில் நோட்டுகளை வைத்து விரல்களை மூடினாள்.

மாஸ்டர் விடவில்லை. "நீங்களே சொல்லுங்கம்மா. உங்க தங்கச்சி புளுகறாங்களா?"

"மொத்த வியாபாரின்னு ஒருத்தரும் கிடையாது சார்" என்றாள் அக்கா. "அந்த நம்பரை அச்சடிச்சு ஒவ்வொரு பெட்டியிலயும் ஒட்டறது நான்தான்."