குட்டைக் கழுத்துகள் எங்கே போயின?

1
இந்தக் கதை ஒரு தலையாட்டலில் பிறந்தது. என் மனைவி இறந்த ஐந்தாம் நாள், அவள் தம்பி சொன்ன தவறான வாக்கியம் ஒன்றுக்கு நான் தலையாட்டினேன். அவள் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. இருந்திருந்தால் எங்கள் இருவரையும் சும்மா விட்டிருக்க மாட்டாள்.

2
முதல் தொடக்கம்: "மருந்திலிருந்து தப்பிக்க, கிருமி தன்னை மாற்றிக்கொண்டு..."

இல்லை. கிருமி எதையும் திட்டமிடவில்லை.

இரண்டாவது: "மருந்துக்குப் பழகிப்போன அவள் உடம்பு..."

இது அதைவிட மோசம். அவளுக்குள் இருந்த கோடிக் கிருமிகளில் சில, அந்த மருந்து உள்ளே போவதற்கு முன்பே வேறு மாதிரி இருந்தன. மருந்து மற்றவற்றைக் கொன்றது. காலியான இடத்தில் இவை பெருகின. எனக்கும் அதே வாரம் அதே நுரையீரல் காய்ச்சல், அதே மருந்து. எனக்குள் அந்தச் சில இல்லை.

[பார்த்தீர்களா, வில்லன்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு நான் எப்படிக் கதை எழுதுவது?]

3
தம்பி உடற்பயிற்சிக் கூடம் நடத்துகிறான். சுவரில் ஆளுயர எழுத்தில் 'வலியதே வாழும்'. அதைப் பார்த்த அன்றே அவள் கேட்டாள்: "கரப்பான் எத்தனை தண்டால் எடுத்துடா இத்தனை கோடி வருஷமா நிக்குது?" எட்டு மாதம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஐந்தாம் நாள், கண் வீங்கி உட்கார்ந்திருந்தவன் சொன்னான்: "நீங்க கெட்டி மச்சான், தாங்கிட்டீங்க. அக்காவுக்குப் பூஞ்சை உடம்பு. இயற்கை அப்படித்தான் கழிச்சு விடும்."

தலையாட்டினேன். அவள் விடைத்தாள் கட்டோடு நாலு மாடி ஏறுவாள். இரண்டாம் மாடியில் நின்று மூச்சு வாங்குகிறவன் நான்.

4
அவள் திருத்தாமல் விட்ட தாள்கள் ஒன்பது. கேள்வி: ஒட்டகச்சிவிங்கியின் கழுத்து எப்படி நீண்டது? ஏழு பிள்ளைகள் அதை எட்டி எட்டி இலை பறிக்க வைத்திருக்கிறார்கள். ("எட்டிப் பாத்தா நீளும்னா, எதிர்வீட்டம்மாவுக்கு இந்நேரம் நீண்டிருக்கணுமே" என்பாள்.)

இந்தப் பதிலை அவள் அடிக்க மாட்டாள். ஓரத்தில் சிவப்பு மையால் எழுதுவாள்: 'அப்போ குட்டைக் கழுத்தெல்லாம் எங்கே போச்சு?' பிள்ளை அதற்குக் கீழே பதில் எழுதிக் கொண்டுவர வேண்டும். அப்புறம்தான் மதிப்பெண்.

"நீங்களே ஏதாவது மார்க் போட்டுக் குடுத்துடுங்க சார், போதும்" என்றார் பள்ளி எழுத்தர். போதுமாம். ஏழு தாளிலும் அவள் கேள்வியை என் கோணல் கையெழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

5
முடிவு அ: தம்பி புரிந்துகொண்டு சுவருக்கு வெள்ளையடிக்கிறான். நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும்தான்.

முடிவு ஆ: "அவள் சாவு நமக்கு ஒன்றை உணர்த்தவே..."

இதை முடித்தால் அவள் எழுந்து வந்துவிடுவாள். [முடித்துப் பார்க்கலாமா என்றும் யோசித்தேன்.]

நடந்தது இது. நேற்று இந்தக் கதைத் தாள்களைத் தம்பியின் கூடத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். எடைக்கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, மூன்றாம் பகுதியை இரண்டு முறை படித்தான்.

"உங்க அக்கா பூஞ்சை இல்லடா" என்றேன். "அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"சரி மச்சான். எப்படின்னு புரியுது." தாளை மடித்தான். "அப்போ ஏன் அக்கா மட்டும்?"

கீழே இடம் விட்டிருக்கிறேன். எழுதுங்கள். 'வலியது' என்று மட்டும் தொடங்காதீர்கள்.