ஹசிந்தோவுக்கு வைத்த தண்ணீர்

ஐம்பத்தேழு வருடங்களாக ஒலிவாரெஸ் குடும்பத்தில் யாரும் கில்கிரிஸ்ட் பண்ணையின் வேலியைத் தாண்டியதில்லை. மாடு ஒன்று கம்பியைப் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டால்கூடத் தேடிப் போக மாட்டார்கள். போனது போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். வேலிக்கு அப்பால் இருந்ததும் ஒரு காலத்தில் அவர்களுடைய நிலம்தான். ஆற்றுக்குத் தெற்கே மெக்சிகோ, வடக்கே டெக்சாஸ் என்று யாரோ காகிதத்தில் கோடு போடுவதற்கு முன்பிருந்தே அது ஒலிவாரெஸ் நிலம். அங்கே விருந்தாளியாகக் கால் வைக்கக் குடும்பத்துப் பெரியவர் டோன் லியாந்த்ரோவுக்கு மனம் வரவில்லை. உரிமையாளராகக் கால் வைக்க வழியும் இல்லை.

அதனால் 1972ஆம் வருடம் நவம்பர் முதல் தேதி காலையில் வெர்னா கில்கிரிஸ்டின் வண்டி தன் வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றபோது அவர் உடனே எழுந்து போகவில்லை. சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டார். தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். அப்புறம்தான் நடந்தார். அறுபத்தேழு வயதிலும் முதுகு வளையாத மனிதர்.

வெர்னாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அப்பா இறந்த பிறகு பண்ணையைத் தனியாகப் பார்த்துக்கொள்கிறாள். மெக்சிகோக்கார ஆயாக்களின் இடுப்பில் வளர்ந்தவள். அவள் பேசிய ஸ்பானியம் லியாந்த்ரோ வீட்டுச் சமையலறையில் பேசுகிற ஸ்பானியம்தான்.

“டோன் லியாந்த்ரோ, உள்ள வரலாமா?”

“இங்கயே சொல்லுங்க.”

அவள் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். “மேற்கு மூலையில மாட்டுக்குக் குட்டை வெட்டிக்கிட்டிருந்தோம். மழையில்லாம, இருந்த தண்ணியெல்லாம் வத்திப்போச்சு. நேத்து புல்டோசர்காரன் திடீர்னு நிறுத்திட்டான். கீழ ஒரு ஆள் கெடக்குது. எலும்புதான். ரெண்டு கையையும் பின்னால வேலிக்கம்பியால கட்டியிருக்கு.”

லியாந்த்ரோ கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டார்.

“மேல்வரிசையில தங்கப் பல்லு ஒண்ணு இருக்கு.”

அந்த வட்டாரத்தில் அதற்கு மேல் யாருக்கும் எதுவும் விளக்க வேண்டியதில்லை. லியாந்த்ரோவின் தகப்பனார் ஹசிந்தோ கல்யாணத்துக்கு முந்தின வாரம் ஆற்றைத் தாண்டி மான்டெர்ரே வரை குதிரையில் போய்த் தங்கப் பல் கட்டிக்கொண்டு வந்த கதை குழந்தைகளுக்குக்கூடத் தெரியும்.

“ஷெரீஃபுக்குச் சொல்லியிருக்கேன். நாளைக்கு மத்தியானம் வராரு. யாரும் வந்து கேக்கலன்னா பெட்டியில போட்டு நம்பர் எழுதிக் கொண்டுபோயிடுவாங்களாம். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு வந்தேன்.”

“எங்க அப்பா எங்க கல்லறைத் தோட்டத்துல இருக்காரு. எங்க அம்மா கையால அடக்கம் பண்ணது. கல்லுல பேரு வெட்டியிருக்கு. நீங்க பாத்தது வேற யாரோ.”

“அந்த மூலையில எங்க அப்பா சாகுறவரைக்கும் மாடு மேய விட்டதில்ல, டோன் லியாந்த்ரோ. நல்ல புல்லு வளந்து காய்ஞ்சு போகும். ஏன்பான்னு கேட்டா சாப்பாட்டுத் தட்ட வச்சிட்டு எழுந்து போயிடுவாரு.”

“வேற யாரோ,” என்றார் லியாந்த்ரோ மறுபடியும். கேட்டைச் சாத்திவிட்டுத் திரும்பி நடந்தார். கேட்டிலிருந்து வீடு நாற்பது எட்டு. அந்த நாற்பது எட்டும் அவருடைய முதுகு நேராகத்தான் இருந்தது.

*

1915 ஆகஸ்டில் கில்கிரிஸ்ட் வீட்டுப் பையன் எல்வின் காணாமல் போனான். வெர்னாவின் சித்தப்பா, பத்தொன்பது வயது. மாட்டைத் தேடிக் குதிரையில் போனவன் திரும்பவில்லை. ஆற்றங்கரை முழுவதும் அந்த வருடம் பயமும் துப்பாக்கியுமாகக் கிடந்தது. மூன்றாம் நாள் காலை ஒலிவாரெஸ் முற்றத்தில் பதினோரு குதிரைகள் வந்து நின்றன. எல்வினைக் கொன்று புதைத்தது ஹசிந்தோதான் என்றார்கள். விசாரணை இல்லை, ஒரு கேள்விகூட இல்லை. ஹசிந்தோ பாதி தின்ற ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து அவர்களோடு போனார். திரும்பவில்லை. அவர் போன பிறகு வேலி நகர்ந்தது. பாதி நிலம் வேலிக்கு அந்தப் பக்கம் போயிற்று.

மூன்று மாதம் லியாந்த்ரோவின் அம்மா கருவேலங்காட்டில் தேடினாள். நவம்பரில் ஒரு நாள் சப்பாத்திக்கள்ளிப் புதருக்குள் எலும்புகளைக் கண்டாள். கல்யாணத்துப் படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து விரித்தாள். பத்து வயது லியாந்த்ரோ விரிப்பின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

நின்றவன் பார்த்தான். மண்டையோட்டில் பற்கள் எல்லாம் வெள்ளையாக, வரிசையாக இருந்தன. தங்கம் இல்லை. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து விலகியிருந்தது. புல்லுக்குள் ஒரு மடக்குக் கத்தி கிடந்தது. அதன் பிடியில் ஒரு கோட்டின்மேல் பிறை சுட்டிருந்தது. கில்கிரிஸ்ட் மாடுகளின் தொடையில் இருக்கிற சூட்டுக்குறி. அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து தெரிவதற்கு முன்பே சூட்டுக்குறிகள் தெரியும். அவன் கத்தியைக் காலால் மறைத்தான். அம்மா குனிந்த நேரம் பார்த்து எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். யாரிடமும் சொல்லவில்லை.

குற்றமற்ற ஹசிந்தோ ஒலிவாரெஸ் என்று அந்த எலும்புகளுக்கு மேல் கல் நட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஊரே அந்தக் கல்லுக்கு மாலை போடுகிறது. அதை இன்று திறந்தால் உள்ளே இருப்பவன் எல்வின் கில்கிரிஸ்ட். கொன்று புதைத்தான் என்று பதினோரு குதிரைக்காரர்கள் சொன்னது பொய்யல்ல என்று உலகம் சொல்லும். ஒலிவாரெஸ்காரன் கொன்று தன் குடும்பக் கல்லறையிலேயே ஒளித்தான் என்று சொல்லும். லியாந்த்ரோ ஐம்பத்தேழு வருடங்கள் காத்தது அப்பாவின் கல்லறையை அல்ல, அந்த ரகசியத்தை.

*

மறுநாள், நவம்பர் இரண்டு, இறந்தவர்களின் நாள். அதற்கான பீடத்தை அன்று மாலையே வைத்துவிடுவார்கள். லியாந்த்ரோவின் அக்கா பெலிசா பெட்டிகளை அடுக்கி வெள்ளைத் துணி விரித்திருந்தாள். துலுக்கச் செவ்வந்தி, இனிப்பு ரொட்டி, சோளமட்டையில் பொதிந்து வேகவைத்த தமாலே, அப்பாவுக்குப் பிடித்த புகையிலை. சாம்பிராணிப் புகை. ஒவ்வொரு படத்துக்கு முன்னாலும் ஒரு கண்ணாடித் தம்ளரில் விளிம்புவரை தண்ணீர்.

இறந்தவர்கள் நெடுந்தூரம் நடந்து தாகத்தோடு வருவார்கள். காலையில் பார்த்தால் தண்ணீர் ஒரு விரலாவது குறைந்திருக்கும். அம்மாவின் தம்ளரில் குறையும். தாத்தாவின் தம்ளரில் குறையும். குழந்தையிலேயே போய்விட்ட தம்பியின் சின்னத் தம்ளரில்கூடக் குறையும். ஹசிந்தோவின் தம்ளர் மட்டும் முதல் வருடத்திலிருந்தே வைத்தது வைத்தபடி நின்றது. அதை முதலில் கண்டவர் லியாந்த்ரோதான். அந்த வருடத்திலிருந்து எல்லோருக்கும் முன்பாக எழுந்து, மூன்று விரல் தண்ணீரைப் பூவாளியில் சாய்த்துவிடுவது அவருடைய வேலையாயிற்று.

இன்னொன்றும் உண்டு. வருடா வருடம் பீடம் வைக்கிற சாயங்காலம் கேட்டுக்கு வெளியே யாரோ நடந்து வருகிற சத்தம் கேட்கும். ஒரு கால் ஊன்றும், ஒரு கால் மண்ணில் இழுபடும். கேட்டுவரை வந்து நின்றுவிடும். உள்ளே வராது. ஹசிந்தோ நொண்டியல்ல.

லியாந்த்ரோ தம்ளரைப் படத்துக்கு முன் வைத்துக்கொண்டிருந்தபோது இந்த வருடமும் அது கேட்டது. தம்ளரை விட்டுக் கையை எடுக்க அவருக்கு நேரமாயிற்று.

“கில்கிரிஸ்ட் பொண்ணக் கேட்டுலயே நிக்கவச்சு அனுப்பிட்டியாமே,” என்றாள் பெலிசா. அவருக்கு நான்கு வயது மூத்தவள். பேச்சில் இன்னும் மூப்பு அதிகம். “ஒரு வாய் காபி குடுத்தா நம்ம மானம் கரைஞ்சிடுமா தம்பி?”

“குட்டை வெட்டுறாளாம். ஏதோ எலும்பு கெடச்சுதாம்.”

“ஏதோ எலும்பா? புல்டோசர்காரன் அம்மா எங்கிட்ட எல்லாம் சொல்லிட்டா. தங்கப் பல்லோட ஏதோ எலும்பு.”

“அப்பா நம்ம கல்லறையில இருக்காரு, அக்கா.”

பெலிசா பூவை வைத்துவிட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்தாள். “அப்ப வருஷா வருஷம் அவரு தண்ணிய நீ எதுக்குக் கொட்டுற?”

லியாந்த்ரோ அவளைப் பார்க்கவில்லை.

“ஐம்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன். பூன மாதிரி நடந்து வருவ. உன் முட்டி சொடுக்குற சத்தத்துல நான் முழிச்சுப்பேன். ரகசியம் காக்குறவன் முட்டிக்கு எண்ண போட்டுக்கணும்.”

“அம்மாகிட்ட சொன்னியா?”

“அம்மாகிட்ட சொல்றதா! பதினஞ்சு வருஷம் ஒரே தலகாணியில படுத்தவளுக்குப் புருஷன் பல்லு தெரியாதா? உனக்குத் தெரியும்னு அவளுக்கும் தெரியும். சட்டப்பையில நீ கத்தியப் போட்டது வரைக்கும் தெரியும். துணி துவைக்கிறவ யாரு?”

“அப்புறம் ஏன் அடக்கம் பண்ணா?”

“எத்தன நாள் தேடுவா? வீட்டுக்கு ஒரு கல்லறை வேணும். அந்த எலும்புக்கு ஒரு குழி வேணும். கல்லறையில ரெண்டு ஜெபம் சொல்லுவாளே, ஞாபகம் இருக்கா? ஒண்ணு அப்பா பேரச் சொல்லி. இன்னொண்ணு பேரே சொல்லாம. அது யாருக்குன்னு நெனச்ச?”

“அநாத ஆத்மாவுக்குன்னு நெனச்சேன்.”

“அநாதயெல்லாம் இல்ல. பக்கத்து வீட்டுப் பையன். சின்ன வயசுல நம்ம முற்றத்துல வந்து மாவுக்கஞ்சி குடிச்சவன். பேரச் சொல்ல அவளுக்குப் பயம், அவ்வளவுதான்.” பெலிசா கேட்டுப் பக்கம் தலையைத் திருப்பினாள். “பேரச் சொல்லிக் கூப்பிடாத வீட்டுக்குள்ள எப்படி வருவான், பாவம். கால வேற இழுத்துக்கிட்டு.”

அவளுக்கும் கேட்டிருக்கிறது. லியாந்த்ரோ அன்றுதான் அதை அறிந்தார்.

“ஊர் என்ன சொல்லும் அக்கா? அப்பாதான் கொன்னாருன்னு சொல்லும்.”

“சொல்லும். நாளைக்கு மத்தியானம் அவருக்கு ஒரு நம்பர் எழுதுவாங்க. அத யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. உனக்கு எது சௌகரியம்னு நீயே பாத்துக்கோ.”

*

காலையில் ஹசிந்தோவின் தம்ளர் விளிம்புவரை இருந்தது. லியாந்த்ரோ பூவாளிப் பக்கம் போகவில்லை. கறுப்புக் கோட்டைப் போட்டார். தன் துணிப்பெட்டியின் அடியிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்துப் பைக்குள் வைத்தார். இரண்டு கையாலும் தம்ளரை ஏந்திக்கொண்டு மேற்கே நடந்தார்.

அரை மைல் தூரம். தண்ணீர் சிந்தாமல் நடக்க மெதுவாகத்தான் போக வேண்டும். கருவேல நிழலுக்குள் நுழைந்ததும் பின்னால் அந்தக் கால் இழுபடுகிற சத்தம் வந்தது. அவர் நின்றால் நின்றது. நடந்தால் நடந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

“வா எல்வின்,” என்றார், தம்ளரிலிருந்து கண்ணை எடுக்காமல். வாழ்க்கையில் முதல் முறையாக அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னார்.

வேலிக்கு அந்தப் பக்கம் வெர்னா நின்றுகொண்டிருந்தாள். குழியைத் தார்ப்பாயால் மூடியிருந்தாள். பக்கத்தில் ஒரு நாற்காலி கிடந்தது. இரவெல்லாம் அங்கேயே காவல் இருந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் கீழ்க்கம்பியைப் பூட்ஸ் காலால் மிதித்து, மேல்கம்பியைக் கையால் தூக்கினாள். லியாந்த்ரோ தம்ளரை முதலில் அந்தப் பக்கம் தரையில் வைத்தார். பிறகு முதுகை வளைத்து உள்ளே நுழைந்தார். முள் ஒன்று கோட்டைக் கிழித்தது.

தார்ப்பாயை அவரே விலக்கினார். பார்த்தார். குழியின் ஓரத்தில் தம்ளரை வைத்து, தகப்பனாரின் முழுப் பெயரையும் சொல்லி அழைத்தார். பிறகு கத்தியை எடுத்து வெர்னாவிடம் நீட்டினார்.

அவள் பிடியில் இருந்த பிறையை விரலால் தடவினாள். “இது எங்கேருந்து?”

“உங்க சித்தப்பா எங்க கல்லறையில இருக்காரு. ஐம்பத்தேழு வருஷமா. எங்க அப்பா பேருல.”

அவள் கத்தியைக் கைக்குள் மூடிக்கொண்டாள். பிறகு நேராகக் கேட்டாள். “உங்க அப்பாதான் கொன்னாரா?”

“இல்ல.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மண்டையில ஓட்ட இல்ல. கால் முறிஞ்சிருந்தது. குதிர தள்ளி விழுந்தவன். புதைச்சு வச்ச எலும்பு இல்ல, புல்லுல கெடந்தது. கத்தியும் பக்கத்துலயே கெடந்தது.”

“நீங்க சொல்றத நான் நம்பணுமா?”

“நம்ப வேணாம்,” என்றார் லியாந்த்ரோ. முதுகு மறுபடியும் நிமிர்ந்திருந்தது. “உங்க வீட்டு எலும்பு. நானே தோண்டித் தரேன். டாக்டரக் கூட்டிட்டு வந்து பாத்துக்குங்க. அவரு என்ன சொன்னாலும் ஊர் முன்னால நிக்க நான் தயாரா இருக்கேன். ஆனா இவர நம்பர் போட்டு எடுத்துட்டுப் போக விட மாட்டேன். ஷெரீஃப் வரட்டும். கையெழுத்துப் போடுறேன்.”

வெர்னா குழிக்குள் இருந்த கம்பியைப் பார்த்தாள். அவள் பண்ணையில் இன்றும் அதே முறுக்குக் கம்பிதான். “யாரு கட்டினாங்கன்னு என்னால சொல்ல முடியாது, டோன் லியாந்த்ரோ,” என்றாள். “சொல்ல முடியாதுன்னா, தெரியாதுன்னு அர்த்தம் இல்ல.”

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. இருவரும் ஷெரீஃபின் வண்டிக்காக நின்றார்கள். தென்காற்று அடித்துக்கொண்டிருந்தது. சூரியன் ஏறியது. கால் இழுபடுகிற சத்தம் எப்போது நின்றது என்று லியாந்த்ரோவுக்கு நினைவில்லை.

வண்டியின் புழுதி தூரத்தில் தெரிந்தபோதுதான் அவர் குனிந்து பார்த்தார். தம்ளரில் மூன்று விரல் தண்ணீர் குறைந்திருந்தது. வெயிலும் காற்றும் குடித்திருக்கலாம். அவர் தொடவில்லை.

வெர்னாவும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆயாக்களிடம் வளர்ந்தவளுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை.

“சாயங்காலம் உங்க கல்லறைத் தோட்டத்துக்கு வரலாமா?” என்று கேட்டாள். “என்ன கொண்டுவரணும்?”

“தண்ணி,” என்றார் லியாந்த்ரோ. “உங்க வீட்டுக் கெணத்துத் தண்ணி.”