பச்சை உடம்புக்குத் தண்ணீர்

என் மகள் மோகனாவுக்குப் பிரசவ வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டார்கள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது நர்சம்மா என்னிடம்தான் சொன்னாள்.

"தாத்தா, உக்காந்தா தலைவலி வந்து, படுத்தா கொறையுதுன்னா உடனே இட்டுனு வாங்க. தண்ணி நெறைய குடிக்கட்டும்."

"பச்சை ஒடம்புக்குத் தண்ணியா? நல்லா இருக்குது கதை" என்றேன்.

ஆஸ்பத்திரிக்காரர்களை நான் நம்புவதில்லை. மோகனாவின் அம்மா உயிரோடு இல்லை. மாப்பிள்ளைக்கு ஓசூரில் வேலை. பத்தியம் பார்த்தது நான்தான். ஆம்பூர் டேனரியில் ஈரம் நின்ற தோல் அழுகுவதைப் பார்த்தவன். பிள்ளை பெற்ற வயிறும் அப்படித்தான் என்று நினைத்தேன். தாகம் என்று கேட்டால் ஒரு மடக்கு வெந்நீர், அவ்வளவுதான்.

மறுநாள் பால் கொடுக்க உட்கார்ந்தவள் தலையையும் பின்கழுத்தையும் பிடித்துக்கொண்டு அழுதாள். படுத்ததும் வலி அடங்கியது. நர்சம்மா சொன்னது எனக்கு அப்படியே நினைவு வந்தது. ஆனால் கூட்டிப்போனால் திரும்பவும் முதுகில் குத்துவார்கள். "தலையில நீர் கோத்துக்குச்சி" என்று சொல்லி, கொடுத்த தண்ணீரையும் குறைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்தரி பேகம் பிள்ளையைப் பார்க்க வந்தாள். மோகனாவின் உதட்டைப் பார்த்தாள்.

"இன்னாண்ணா, பொண்ண கருவாடாட்டம் காய வெச்சிருக்கீங்க? ஆஸ்பத்திரில ஒண்ணும் சொல்லலியா?"

"ஒண்ணும் சொல்லல."

"சொல்லியிருந்தா எங்கப்பா சும்மா இருப்பாராக்கா?" என்றாள் மோகனா, படுத்தபடியே.

அதற்குமேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. போய் ஆட்டோ பிடித்து வந்தேன்.

டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஊசி குத்துன எடத்துல முதுகுத்தண்டு நீர் கசிஞ்சா இப்படித் தலை வலிக்கும். சில பேருக்கு வரும். ஆனா ஏம்மா இவ்ளோ காஞ்சு கெடக்குற? தண்ணி குடிக்கச் சொல்லலியா?"

"யாரும் சொல்லலீங்க மேடம்" என்றாள் மோகனா.

டாக்டரம்மா திரும்பி, பக்கத்தில் நின்ற அதே நர்சம்மாவை முறைத்தார். அவள் என்னைப் பார்த்தாள்.

"சொன்னாங்க" என்றேன். "தலைவலி வந்தா வரச் சொன்னதும் என்கிட்டதான். நான்தான் மறைச்சிட்டேன்."

"தண்ணி இல்லாததால வந்த வலி இல்ல பெரியவரே. ஆனா பொண்ணு சும்மா கஷ்டப்பட்டிருக்குது." பிறகு மோகனாவிடம் குனிந்தார். "சலைன், மாத்திரை போட்டுப் பாக்கலாம். அடங்கலைன்னா உன் கையில ரத்தம் எடுத்து முதுகுல போட்டு அந்த ஓட்டைய அடைக்கணும். திரும்ப ஊசிதான். இன்னா சொல்ற?"

நான் வாயைத் திறந்தேன். மோகனா முந்திக்கொண்டாள்.

"எது சரியோ செய்யுங்க மேடம். அவர கேக்காதீங்க."

பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன். அவள் அதை நர்சம்மாவிடம் கொடுத்தாள்.

நான் வெளியே போய் நின்றேன்.