பாறை என்று எழுதியவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் சட்டைத் துணி என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் அந்தத் தையல் கடைக்குப் போனேன். கடல் தெருவுக்குள் வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கடைக்காரர் இறந்துபோன சேதி எனக்குத் தெரியாது. உள்ளே ஓர் ஆள் மண்டியிட்டு, சுவரோரம் படிந்த மணலைச் சாப்பாட்டுத் தட்டால் வழித்துக்கொண்டிருந்தார். "என் துணி..." என்று ஆரம்பித்தவன் அவர் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன். அந்த வெட்கத்திலிருந்து பிறந்தது இந்தக் கதை.

அவர் கடைக்காரரின் மைத்துனர். படகில் போய்க் கடலின் ஆழத்தை அளந்து வரைபடம் போடுபவர். அளவைக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மாடியில் இருந்த தங்கைக்கு இன்னும் தெரியாததால் குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் என்னிடம் கொட்டினார். முன்பின் தெரியாதவனிடம் சொல்வது சுலபம் போலும்.

2

முதல் தொடக்கம்: அன்று கடல் கொந்தளித்துக்கொண்டிருந்...

(அடித்துவிட்டேன். கொந்தளிக்கவே இல்லை. அதுதானே கொடுமை!)

இரண்டாவது தொடக்கம்: பிற்பகல் மூன்று மணி. காற்றில்லை. வானத்தில் பொட்டு மேகமில்லை. எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலைகள் இரண்டு நாள் பயணப்பட்டு வந்தன. முன்பெல்லாம் அப்படிப்பட்ட அலைகள் அரைக் கிலோமீட்டர் தள்ளியே உடைந்து, வெறும் நுரையாகத்தான் கரைக்கு வரும். அன்று உடையவில்லை. முழு உயரத்தோடு தெருவுக்குள் நுழைந்தன.

முதல் அலை முழங்கால்வரை. "நீ மேல போ, மெயினை அணைச்சிட்டு வந்துடறேன்" என்று கடைக்காரர் மனைவியை மாடிக்கு அனுப்பினார். இரண்டாவது அலை துணி வெட்டும் மேசையைத் தூக்கி அவரைச் சுவரோடு சேர்த்து அறைந்தது.

(ஒரு பிரதியில் அவரைப் பிழைக்க வைத்தேன். காலில் கட்டோடு உட்கார்ந்து பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பார். அளவைக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். "நல்லாருக்கு" என்றார். எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.)

3

அளவைக்காரர் ஓடி வந்தபோது தண்ணீர் வடிந்திருந்தது. தையல் எந்திரத்தின் மிதிபலகையில் ஏதோ சிக்கியிருந்தது. தங்கை அதை உருவினாள். கிளைகிளையாக, வெள்ளையாக, விரல் தடிமனில்.

"அண்ணா, இது என்ன, எலும்பா?"

அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அது பவளம்.

(கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. பவளம் கல்லல்ல. குட்டிக்குட்டிப் பிராணிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டும் வீடு. மீன்குஞ்சுகள் அதில்தான் ஒளிந்து வளரும்; வலைக்காரர்களின் அடுப்பு அதை நம்பித்தான் எரியும். வருகிற அலையின் பலத்தில் பெரும்பகுதியை அது தன் முதுகில் வாங்கிக்கொள்ளும். கரையில் தூங்குகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த வாரம்தான் படித்தேன்.)

ஓராண்டுக்கு முன், பெரிய கப்பல்கள் வரக் கடலில் வழி வெட்டத் திட்டம் போட்டார்கள். நடுவே ஒரு மேடு குறுக்கிட்டது. முக்குளிப்பவரை இறக்கிப் பார்த்திருக்க வேண்டும். அவர் அன்று வரவில்லை. வலைக்காரர்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள், யாரும் கேட்கவில்லை. அளவைக்காரருக்கோ காய்ச்சல். கருவியின் திரையைப் பார்த்துவிட்டு வரைபடத்தில் அந்த மேட்டின்மேல் ஒரே சொல் எழுதினார்: பாறை. அந்த வரைபடத்தை வைத்துப் பவள மேட்டில் பாதியை உடைத்துவிட்டார்கள்.

4

இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. லஞ்சம் வாங்கினார் என்று ஒரு வரி சேர்க்கக் கை துறுதுறுத்தது. கோபப்பட உங்களுக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் அவர் வாங்கவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்க நினைத்தார், அவ்வளவுதான். அதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மாதிரிக் காய்ச்சலில் நானும் எத்தனையோ

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை.)

மீதிப் பாதியை உடைக்கும் வேலை திங்கட்கிழமை தொடங்க இருந்தது. என்னிடம் சொன்னதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை காலை அவர் மேலதிகாரியின் முன் போய் நின்றார்.

"சார், அந்த வரைபடம் தப்பு. இறங்கிப் பார்க்காம எழுதிட்டேன்."

"உட்காருய்யா. இதை வெளிய சொன்னா வேலை போயிடும், தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"உன் தங்கச்சிக்குத் தெரியுமா?"

 பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை எந்திரங்கள் நகரவில்லை. அவருக்கு வேலை போயிற்று.

5

சனிக்கிழமை சாயங்காலமே கடைக்குப் போனார். தங்கை வாடிக்கையாளர்களின் துணிகளை உப்புப் போக அலசிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா."

சொன்னார். காய்ச்சல், திரை, அந்த ஒரு சொல், எல்லாவற்றையும்.  பாதி பிழிந்த துணி கையில் அப்படியே இருந்தது. பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்.

அது என்ன என்று அளவைக்காரர் சொல்ல மறுத்துவிட்டார். நானே மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மன்னித்தாள். முகத்தில் முழிக்காதே என்றாள். அன்றைக்குக் காய்ச்சல் எவ்வளவு என்று கேட்டாள். மூன்றையும் எடுத்துக்கொண்டு அவளிடமே போனேன். நின்றபடியே படித்தாள்.

"மூணும் இல்லை."

"அப்ப என்னதான் சொன்னீங்க?"

"அண்ணாகிட்ட சொல்ல வேண்டியதை அண்ணாகிட்ட சொல்லியாச்சு. உங்களுக்கு எதுக்கு?" தாள்களை மடித்துத் தந்தாள். "'அண்ணா'ன்னு கூப்பிட்டுத்தான் ஆரம்பிச்சேன். வேணும்னா அதை மட்டும் எழுதிக்குங்க."

எழுதிவிட்டேன். மிச்சம் உங்கள் பாடு. அவசரப்படாதீர்கள்.

"அண்ணா,