முப்பத்து மூன்று டிகிரி

...முப்பத்து மூன்றுக்கு யாராவது மயங்கி விழுவார்களா என்று கேட்டார் மேற்பார்வையாளர், கேட்டுவிட்டு ஏசி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார், சாத்திக்கொள்ள அவருக்கு ஒரு கதவு இருக்கிறது, எங்களுக்கு இருப்பது புஸ் புஸ் என்று ஆவி கக்கும் இஸ்திரிப் பெட்டிகள், மலையாய் ஆஸ்பத்திரிப் போர்வைகள், காயவே காயாமல் முதுகில் ஒட்டிக்கொண்ட சட்டை. போகிற போக்கில் அவர் சொன்னது: "சாப்பிடாம வந்திருப்பா, வெயில் மேல பழி போடாதீங்க. தெம்பில்லாதவங்களை வச்சு நான் என்ன பண்றது? நாளைக்கு வேற ஆள் வரும்." சாப்பிடாமலா? என் டப்பாவிலிருந்தும் பாதியைப் பிடுங்கித் தின்றாளே நேற்று, "உனக்கெதுக்குடி சோறு, புத்தகத்தையே மென்னுட்டுக் கிடப்பியே" என்று சிரித்தாளே, அடுத்த மணியில் போர்வையோடு போர்வையாகச் சரிந்தாளே... உடன்பிறந்தவள் இல்லை, பக்கத்து மேசைதான், ஆனாலும் எனக்கு அக்கா.

வறண்ட ஊரில் கட்டட வேலைக்குப் போன என் அண்ணனும் போனில் இதையேதான் சொல்கிறான், "இங்க நாப்பத்தஞ்சு, உனக்கென்ன மகாராணி, நிழல்ல நிக்கறே." அவனுக்கு வியர்வை வந்ததும் காய்ந்து உப்பாகிவிடுகிறதாம், ஈரத்துண்டைத் தலையில் போட்டால் ஜில்லென்று இருக்குமாம், இங்கே போட்டுப் பாருடா, இட்ட இடத்தில் துண்டு வேகும், இந்தக் காற்றைக் குடிக்கத்தான் முடியும், மூச்சு விட முடியாது, அதற்கு எந்தக் கருவி வைத்திருக்கிறார்கள்? முப்பத்தைந்தைத் தாண்டினால் மணிக்குப் பத்து நிமிடம் ஓய்வு என்று சுவரில் மட்டும் கொட்டை எழுத்தில் ஒட்டத் தெரிகிறது, தாண்டவே தாண்டாதாம், தாளில் இருக்கிறதாம், எந்தத் தாள், எவன் எழுதிய தாள், அக்காவின் வேலையைப் பறிக்கிற அந்தத் தாளை அவர் முகத்திலேயே... வெப்பமானி தூணில்தான் தொங்குகிறது, இதோ, முப்பத்தெட்டு! கூப்பிடட்டுமா அவரை, கதவைத் தட்டி இழுத்துவந்து காட்டட்டுமா, அதன் கீழேயே தாளும் தொங்குகிறது, எட்டு மணி முப்பத்து மூன்று, ஒன்பது மணி முப்பத்து மூன்று, அழகான எழுத்து, அக்காகூட மெச்சிய எழுத்து, என் எழுத்து. மணிக்கு ஒருதரம் வெப்பமானியைப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு, யார் எழுந்து வருவது, அந்த நேரத்தில் இரண்டு பக்கம் படிக்கலாமே என்று திங்கட்கிழமை காலையே வாரம் முழுவதற்கும் நிரப்பிவிடுவேன், யாருக்கு என்ன நஷ்டம் என்று... நேற்றைய கட்டத்தைத் தேடுகிறேன், பன்னிரண்டு மணி, அக்கா விழுந்த மணி, முப்பத்து மூன்று, அவள் விழுவதற்கு மூன்று நாள் முன்பே எழுதி வைத்திருக்கிறேன், அதற்கும் கீழே நாளைக்கும், அவள் இடத்துக்கு வரப்போகிறவளுக்கும்.